அந்த 'இல்லை'யை டிக் அடித்தது யார்?

தோழர்களே, இது நீளமான பதிவு. இப்ப நேரம் இல்லைன்னா சேவ் பண்ணி வெச்சுட்டு ராத்திரி படிங்க. படிக்கும்போது வீட்டு பீரோவில் இருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் ஃபைலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், இரண்டு மெஷின், கூட ஒரு ஆள், அவ்வளவுதான். 2021 மார்ச்சில், கொரோனா பயத்தில், குடும்பத்துக்கே சேர்த்து 5 லட்ச ரூபாய்க்கு ஒரு பாலிசி எடுத்தார். ஏஜென்ட் எங்க தெருக்காரர். வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே ஃபார்மை அவரே நிரப்பினார்.

"சுகர், பிபி ஏதாச்சும் இருக்குங்களா?"

"பிபிக்கு ஒரு மாத்திரை போடறனுங்க."

"அது இந்த வயசுல யாருக்குத்தான் இல்லீங்க? எழுதினா டெஸ்ட் எடுன்னுவான், பிரீமியம் ஏத்துவான், ஒரு மாசம் இழுப்பான். 'இல்லை'ன்னே போட்டுக்கலாம்."

டிக். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்து ரூமில் கடைசி செமஸ்டர் ஆன்லைன் கிளாஸில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எனக்கும் அது தப்பாகத் தோணல, அதையும் சொல்லிடறேன்.

2024 நவம்பரில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கவுன்ட்டரில் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" இருக்கு என்றதும் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். அந்த டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன், என் சண்டை அவர்களோடு இல்லை.

மூன்றாவது நாள் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கூப்பிட்டு ஒரு மெயிலைக் காட்டினார்கள். கேஷ்லெஸ் கிடையாது. காரணம்: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டார்.

அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அட்மிஷன் ராத்திரி டூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா பிபி?" என்று கேட்க, அப்பா வலியில் "அஞ்சாறு வருஷமா இருக்குமுங்க" என்றிருக்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. கேஸ் ஷீட் கம்பெனிக்குப் போனது. உயிரைக் காப்பாற்ற டாக்டர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னதுதான் அப்பா செய்த குற்றம். பில் 3 லட்சத்து 40 ஆயிரம். அம்மாவின் தாலிக்கொடி தவிர வீட்டில் இருந்த நகை எல்லாம் அடகுக் கடைக்குப் போனது.

இப்ப யோசிங்க. 2021, 22, 23, 24 என்று நான்கு பிரீமியம் வாங்கினார்கள். 50 வயது தாண்டிய மனுஷன், பிபி இருக்கா என்று ஒரு தடவை மெஷின் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். யாரும் பார்க்கல. விற்கும்போது பார்க்க மாட்டார்கள், பணம் கொடுக்க வேண்டிய அன்றைக்குத்தான் பூதக்கண்ணாடியை எடுப்பார்கள். அந்த 'இல்லை' என்ற டிக்கினால் ஏஜென்டுக்குக் கமிஷன் வந்தது, கம்பெனிக்கு நான்கு வருடப் பிரீமியம் வந்தது. அதே டிக்கைக் காட்டித்தான் கிளெய்மையும் மறுத்தார்கள். ஒரே ஒரு டிக், வாசலிலும் லாபம், வெளியே அனுப்பும்போதும் லாபம். இதில் பொய் சொன்னது எங்க அப்பாவாம்!

இன்னொன்று கேளுங்க. ஒரு பாலிசி 60 மாதம் தொடர்ந்து ஓடிவிட்டால், அதற்கப்புறம் 'சொல்லாமல் விட்டாய்' என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று அவர்கள் நிரூபித்தால்தான் முடியும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் கொண்டு வந்த விதி இது. முன்னாடி 8 வருடமாக இருந்ததை 5 ஆகக் குறைத்தார்கள். அப்பாவின் பாலிசிக்கு அப்போது வயது 44 மாதம். மாரடைப்பு 16 மாதம் கழித்து வந்திருந்தால் இதே மனுஷன், இதே பிபி, இதே ஃபார்ம், இந்தக் காரணமே செல்லாது.

"ஏதோ ஒரு கெட்ட கம்பெனி, நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்று சொல்றவங்களுக்கு நாட்டுக் கணக்கைக் காட்டுகிறேன். நான் சொல்லல, ஐஆர்டிஏஐ ஆண்டறிக்கை சொல்கிறது. 2023-24-ல் மக்கள் கேட்ட மருத்துவ கிளெய்ம் மொத்தம் சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுத்தது சுமார் 83,493 கோடி. பாலிசி விதிப்படி வராது என்று வெட்டியது சுமார் 15,100 கோடி, முழுசாக நிராகரித்தது சுமார் 10,937 கோடி. இரண்டையும் கூட்டினால் 26,000 கோடிக்கு மேல். இதில் பொய்க் கிளெய்மும் இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனால் 26,000 கோடியும் திருடர்கள் கேட்டதா? எத்தனை வீட்டு நகை அதில் இருக்கிறது?

இன்னொரு கணக்கு. மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் கம்பெனிகள், வசூலிக்கும் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன், விளம்பரம், ஆபீஸ் என்று நிர்வாகச் செலவு செய்யலாம் என்று நம்ம ஊர் விதியே அனுமதிக்கிறது. நீங்க கட்டும் 100 ரூபாயில் 35 ரூபாய், மருந்துக் கடைப் பக்கமே போகாது. சரி, மிச்சம் 65-ஐயாவது வைத்தியத்துக்குக் கொடுத்தே ஆகணும் என்று விதி இருக்கா? கிடையாது. செலவுக்கு உச்சவரம்பு உண்டு, நோயாளிக்குக் குறைந்தபட்சம் கிடையாது.

மருத்துவத்தை முழுக்க வியாபாரமாக்கிய நாடு என்று நாமெல்லாம் திட்டும் அமெரிக்காவிலேயே 2010-ல் ஒபாமா கொண்டு வந்த சட்டத்தில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. தனிநபர் பாலிசியில் 100 டாலருக்கு 80 டாலர், பெரிய நிறுவனங்களின் குரூப் பாலிசியில் 85 டாலர் மருத்துவத்துக்குப் போக வேண்டும். குறைந்தால் மிச்சத்தை வாடிக்கையாளருக்கே திருப்பிக் கொடுக்கணும். அங்கே கிளெய்ம் மறுப்பு இல்லையா என்றால் தாராளமாக இருக்கிறது, அது வேற கதை. ஆனால் அவர்களுக்கு இருக்கும் கடிவாளம்கூட நமக்கு இல்லை.

அடுத்தது ரூம் வாடகை. இது தெரியாமல் மாட்டியவர்கள் நம்ம பசங்களிலேயே நிறைய பேர். 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அதாவது 5,000 ரூபாய். நீங்க சேரும் அன்றைக்கு 5,000 ரூம் காலி இல்லை, 8,000 ரூம்தான் இருக்கு. சரி, நாளுக்கு 3,000 கூட, நாலு நாளைக்கு 12,000 கைக்காசு போகும் என்று நினைத்து ஒத்துக்கொள்வீர்கள். அங்கேதான் கண்ணி. ரூம் வாடகை எந்த விகிதத்தில் மீறியதோ அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். அவை 2 லட்சம் என்றால், எட்டில் ஐந்து பங்கு, 1 லட்சத்து 25 ஆயிரம்தான் கிடைக்கும். 75,000 உங்கள் தலையில். அதோடு அந்த 12,000. ஆக 87,000. மருந்து, ஸ்டென்ட் மாதிரிப் பொருள், ஸ்கேன், டெஸ்டுக்கு இந்த வெட்டு கிடையாது, அந்த அளவுக்கு ஒரு விதி இருக்கிறது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கே இது புரிய மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் ரூமுக்கு ஒத்துக்கொள்ளும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாரா?

கம்பெனியை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. "ஆஸ்பத்திரிக்காரன் கன்னாபின்னான்னு பில் போடறான், நாங்க வெட்டாம என்ன செய்ய?" என்று கம்பெனி கேட்கும். "கம்பெனிக்காரன் எப்படியும் வெட்டறான், அதனால ஏத்திப் போடறோம்" என்று மருத்துவமனை கேட்கும். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். அந்த ரெண்டு உண்மைக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவர் நம்ம ஆள்.

2018-ல் மருந்து விலை ஆணையமான என்பிபிஏ, டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை எடுத்து ஆராய்ந்தது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், சராசரியாக 1.2 லட்ச ரூபாய் என்று விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது இதே ஆணையம். கம்பெனிகள் செத்துப் போகும், நல்ல ஸ்டென்ட் இந்தியாவுக்கே வராது என்று அப்போது எவ்வளவு கத்தினார்கள்! ஸ்டென்ட் இன்றைக்கும் கிடைக்கிறது. விலைவாசியோடு கொஞ்சம் ஏற்றிய பிறகும் 40,000-க்குள்தான். அப்படியானால் அதுவரைக்கும் 1.2 லட்சம் கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள்? பயத்துக்குக் கொடுத்தார்கள். அரசு நினைத்தால் ஒரே ராத்திரியில் விலையைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே மாதிரி ரூம் வாடகைக்கும் ஐசியூ கட்டணத்துக்கும் ஏன் முடியாது என்பதுதான் என் கேள்வி. அப்பாவின் பில்லில் ஸ்டென்ட் ஒரு சின்ன வரி, அதற்குக் கீழே இரண்டு பக்கத்துக்கு மற்ற வரிகள்.

இன்சூரன்ஸ் பணம் தாராளமாக வந்தால் மட்டும் நோயாளிக்கு நல்லதா? 2024 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்தது ஞாபகம் இருக்கா? மெஹ்சானா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தி, 19 பேரை பஸ்ஸில் ஏற்றி வந்து, 7 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தது ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டு பேர் செத்துப் போனார்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டப் பணத்துக்காகத் தேவையில்லாமல் செய்தார்கள் என்று வழக்கு, கைது எல்லாம் ஆனது. லாபம்தான் குறி என்றால், தன் பணம் போகும் இடத்தில் தேவையான வைத்தியத்தை மறுக்கும். அரசு பணம் வரும் இடத்தில் தேவையில்லாத வைத்தியத்தைச் செய்யும்.

நேற்று இந்தப் பதிவின் டிராஃப்ட்டை நம்ம அட்மின் குரூப்பில் போட்டேன். "தம்பி, அப்ப இன்சூரன்ஸே வேண்டாம்னு சொல்றியா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். இல்லண்ணா. ஊரே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் பணம் போட்டு, யாருக்கு அடி விழுகிறதோ அவரைத் தூக்கிவிடுவது நல்ல காரியம். இஎஸ்ஐ அதைத்தான் செய்கிறது. 1948-ல் வந்த சட்டத்தில் பிறந்தது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். பழைய நோய் என்று யாரையும் ஒதுக்குவதில்லை, ஃபார்மில் பிபிக்கு டிக் கேட்பதில்லை. ஒரு கிளெய்மை மறுத்தால் யாருடைய ஷேர் விலையும் ஏறப்போவதில்லை. இஎஸ்ஐ மருந்தகத்தில் கூட்டம், காத்திருப்பு, மருந்து ஸ்டாக் இல்லை என்கிற புகார் எல்லாம் எனக்கும் தெரியும். அது சரிசெய்யக்கூடிய குறை. ஆனால் நோயாளியை விரட்டினால் லாபம் என்கிற அமைப்பு அதில் இல்லை. சம்பள வரம்பு மட்டும் 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய். அதைத் தாண்டினால் நீ பணக்காரன், போய் தனியாரிடம் வாங்கிக்கோ! நம்ம ஐடி விங்கில் இருக்கிற பாதிப் பசங்க 25,000 சம்பளத்துக்கு சென்னையில் ரூம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்லியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பொது சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதினார்கள், இலக்கு 2025. மத்தியும் மாநிலங்களும் சேர்ந்து 2021-22-ல் செலவழித்தது 1.84 சதவீதம். அதே ஆண்டு கணக்குப்படி, நாட்டின் மருத்துவச் செலவில் 100-க்கு 39 ரூபாய் மக்கள் தங்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது. முன்பு 64 இருந்ததைக் குறைத்தோம் என்பார்கள். குறைந்தது உண்மை. 39 ரூபாய் என்பதும் உண்மை. இன்சூரன்ஸ் கம்பெனிகளில் அந்நிய முதலீட்டு வரம்போ 26-ல் ஆரம்பித்து 2015-ல் 49, 2021-ல் 74 என்று ஏறி, 2025 பட்ஜெட்டில் 100 சதவீதம் என்று அறிவிப்பு. இந்த இலக்கில் மட்டும் தாமதமே கிடையாது பாருங்க. பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கியதை 2025 செப்டம்பரில்தான் தனிநபர் பாலிசிக்குப் பூஜ்யமாக்கினார்கள். நல்லது, வரவேற்கிறேன். எட்டு வருடமாக, நோய்க்குப் பயந்து கட்டிய பணத்தில் வரி எடுத்தது யார் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மாநிலத் திட்டத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக ஓடுகிறது. ஆட்சி மாறினாலும் யாரும் கைவைக்கவில்லை, ஏனென்றால் அது உயிர் காக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் நம்ம ஊர் ஜிஎச்சில் ஒரு கட்டிலாகவோ மெஷினாகவோ நிற்காது, அந்த ஆண்டோடு கரைந்து போகும். இதைச் சொன்னால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

"அரசு ஆஸ்பத்திரின்னு பேசற, நீ ஏன் அங்க போகல?" இந்த கமென்ட் வரும் என்று தெரியும், நானே பதில் சொல்கிறேன். கோவை அரசு மருத்துவமனையிலும் கேத் லேப் இருக்கிறது. எங்க மாமாவுக்கு அங்கேதான் ஸ்டென்ட் வைத்தார்கள், ஒரு பைசா வாங்கல, இன்றைக்கும் பைக் ஓட்டுகிறார். அது தெரிந்தும் அந்த ராத்திரி நாங்கள் போகவில்லை. கூட்டம், படுக்கை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம், 'நம்மகிட்டதான் பாலிசி இருக்கே' என்ற தெம்பு. அந்தத் தெம்பைத்தான் எங்களுக்கு விற்றிருந்தார்கள். நாங்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை, ஜிஎச்சில் அந்த நம்பிக்கையை வைக்காமல் விட்டவர்கள் வெட்கப்படணும். 1994-ல் இதே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்தை மொத்தமாக வாங்கி, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படிக்கிற மாதிரி செய்து காட்டியது. படுக்கைக்கும் ஐசியூவுக்கும் அதைச் செய்ய முடியாதுன்னு யார் சொன்னது?

கேட்க வேண்டியதைக் கேட்போம். பிரீமியத்தில் குறைந்தது 85 சதவீதம் வைத்தியத்துக்குப் போகணும், போகாவிட்டால் திருப்பிக் கொடுக்கணும். ஃபார்மில் கேட்ட நோயை விற்கும்போதே அவர்கள் செலவில் டெஸ்ட் செய்து பார்க்கணும், பார்க்காமல் விற்றால் பின்னால் 'மறைத்தாய்' என்று சொல்லும் உரிமை போகணும். இஎஸ்ஐ வரம்பை ஏற்றணும், பட்டறைக்காரர், ஆட்டோக்காரர் மாதிரி சொந்தத் தொழில் செய்கிறவர்களும் விரும்பினால் பணம் கட்டிச் சேரும்படி கதவைத் திறக்கணும்.

அது வரும் வரை, கிளெய்ம் மறுத்தால் அழுதுட்டு உட்காராதீங்க. எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்க. கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்று 2024-லிருந்து விதி. கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டி மருத்துவமனை கூடுதலாக வாங்கினால் கம்பெனிதான் கட்டணும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்க. தமிழ்நாட்டுக்கு சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவிடலாம், உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

நாங்களும் போனோம். 44 மாதத்தில் ஒரு முறைகூட உடல் பரிசோதனை கேட்காததையும், ஃபார்மில் இருப்பது அப்பாவின் கையெழுத்து இல்லாத ஏஜென்டின் எழுத்து என்பதையும் காட்டினோம். 2025 ஆகஸ்ட்டில் 2 லட்சத்து 60 ஆயிரம் வந்தது. அடகு வட்டியை யாரும் தரல. அம்மாவின் வளையல் இரண்டு இன்னும் மீட்கவில்லை. அந்த ஏஜென்ட் அண்ணன் இப்பவும் எங்க தெருவில்தான் இருக்கிறார், என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் மாச டார்கெட் இருந்திருக்கும்.

ஃபைல் பக்கத்தில்தானே இருக்கு? பாலிசியோடு இணைத்திருக்கும் ப்ரொபோசல் ஃபார்ம் நகலை எடுங்க. இல்லைன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு நகல் கேளுங்க. நோய் பற்றிய கேள்விகளுக்கு நேரே உங்க அப்பா, அம்மா பெயரில் யார் எதை டிக் அடித்திருக்கிறார்கள் என்று பாருங்க. தப்பாக இருந்தால் இந்த வாரமே எழுத்தில் திருத்தம் கேட்டு, அவர்கள் அனுப்பும் பதிலையும் பத்திரமாக வையுங்க. உங்க வீட்டுக்கு வந்த நிராகரிப்புக் கடிதம் இருந்தால், பெயரையும் பாலிசி நம்பரையும் மறைத்துவிட்டு நம்ம பேஜ் இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நாங்க அஞ்சு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறோம்.